நாலு கை சேர்ந்து எழுதிய கதை

(ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்களான ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்தக் கூட்டத்திற்கு வருகிற வழியில், டீக்கடையருகே ஒரு பெரியவர் நம்மை நிறுத்தினார். வயல் வேலை முடிந்து திரும்பிக் கொண்டிருந்தார். தோளில் மண்வெட்டி. காலில் சேறு காயவில்லை. "பள்ளிக்கூடத்திலே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எல்லாம் கூடிக் கதை எழுதுகிறார்களாமே, மெய்தானா?" என்று கேட்டார். மெய்தான் என்றோம். "கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கூலிக்காரன் பேத்திக்குக் கதை எதுக்குத் தோழரே? கதை சோறு போடுமா?" என்றார்.

நியாயமான கேள்வி. அவரைக் கேலி செய்துவிட்டுப் போவதற்கு நமக்கு உரிமை கிடையாது. பேத்தி படித்து முன்னேற வேண்டும் என்பதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிற மனிதர் அவர். அவருக்குப் பதில் சொல்லத்தான் இன்று பேச வந்திருக்கிறோம். பதிலைப் புத்தகத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. நாம் கண்ணால் கண்ட ஒரு வகுப்பிலிருந்து தொடங்குகிறோம்.

நாம் கண்ட வகுப்பு

ஆலைகள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் உள்ள சர்க்கார் ஆரம்பப் பள்ளி அது. ஊர்ப் பெயர் வேண்டாம். பிள்ளைகளின் பெயரும் வேண்டாம். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறோம். ஐந்தாம் வகுப்பு. இருபது பிள்ளைகளுக்கு மேல் இல்லை. பெரும்பாலும் மில் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இவர்களுக்குக் கூட்டாளியாக, நெல் விளையும் வேறொரு ஜில்லாவில் இன்னொரு சர்க்கார் பள்ளி. அங்குள்ள பிள்ளைகள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். இரண்டு வகுப்பும் சேர்ந்து ஒரே கதையை எழுதுகின்றன.

எப்படி எழுதுகின்றன? கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் இங்கும் தெரியும், அங்கும் தெரியும். இங்கே ஒரு பிள்ளை ஒரு வரியை அடித்தால் அதே கணத்தில் அங்கே அந்த வரி தோன்றும். ஒவ்வொருவர் எழுதியதும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும். யார் எந்த வார்த்தையைச் சேர்த்தார், யார் எதை அழித்தார் என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால், கதை முதல் வரியிலிருந்து வளர்ந்த விதம் முழுவதும் தெரியும். இப்படிப்பட்ட வசதிகள் பல உண்டு. 2008-ல் வந்த 'ஈதர்பேட்' அவற்றில் ஒன்று. 2009 டிசம்பரில் அதன் உள்ளமைப்பு முழுவதும் பொதுச் சொத்தாக வெளியிடப்பட்டது. காசு கொடுக்காமல் எவரும் எடுத்து நடத்தலாம்.

ஆனால், தோழர்களே, முதல் இரண்டு நாள் அந்த டீச்சர் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை! பிள்ளைகளை நாலு நாலு பேராக உட்கார வைத்துப் பேசச் சொன்னார். கதையில் யார்? எங்கே இருக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன கஷ்டம் வருகிறது? இந்த மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை பேச்சுத்தான். கிடைத்ததைக் கரும்பலகையில் எழுதினார்கள். ஒரு நாய். மில் வாசலில் படுத்திருக்கும் நாய். ஒருநாள் தெரியாமல் ஒரு லாரியில் ஏறித் தூங்கிவிடுகிறது. விழித்துப் பார்த்தால் நெல் வயல். மில் ஊரில் நடப்பதை இங்குள்ள பிள்ளைகள் எழுத வேண்டும். வயலில் நடப்பதை அங்குள்ள பிள்ளைகள் எழுத வேண்டும். நாய் எப்படி வீடு திரும்புகிறது என்பதை இரு பக்கமும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

அழிக்கப்பட்ட ஒரு வரி

மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தார்கள். ஒரு சிறுமி எழுதினாள்: நாய்க்குச் சோறு வைக்கும் அம்மா நைட் ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வெளியே வருகிறாள், அவள் தலைமயிரெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று. அந்தச் சிறுமியின் தாயார் ஸ்பின்னிங்கில் வேலை செய்கிறவர். அவள் தினமும் காலையில் காண்பதை எழுதினாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த வரியைக் காணோம்! அதே கோஷ்டியில் இருந்த ஒரு பையன் அதை அழித்துவிட்டு, அந்த அம்மா ஆபீஸிலிருந்து காரில் வந்து இறங்குவதாக எழுதிவிட்டான். சிறுமி அழத் தொடங்கினாள். பையன் முகத்தைத் திருப்பிக் கொண்டான். "கதையிலே இதெல்லாம் எழுதக் கூடாது டீச்சர்" என்றான்.

அந்தப் பையன் யார் தெரியுமா? மானேஜர் மகனல்ல, சூப்பர்வைசர் மகனுமல்ல. அவன் தாயாரும் அதே மில்லில்தான் வேலை செய்கிறார். அவர் தலையிலும் பஞ்சுதான். அதை நாலு பேர் பார்க்க எழுதுவதற்கு அவனுக்கு வெட்கம்.

தோழர்களே, இந்த வெட்கத்தை அவன் எங்கிருந்து பெற்றான்? தாய் வயிற்றிலிருந்து கொண்டு வரவில்லை. பத்து வயதுக்குள் அவன் பார்த்த படங்களும் தொடர்களும் விளம்பரங்களும் அவனுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டன: கதை என்றால் அதில் காரும் பங்களாவும் இருக்க வேண்டும், உன் வீடு கதைக்கு லாயக்கில்லை, உன் தாய் கதைக்கு லாயக்கில்லை. இந்தப் பாடம் எந்தப் பாடப் புத்தகத்திலும் அச்சிடப்படவில்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு மார்க் வாங்கிவிடுகிறார்கள்!

அந்த டீச்சர் என்ன செய்தார்? பையனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பக்கத்தைப் பின்னோக்கித் தள்ளினார். அழிந்துபோன வரி மறுபடி தோன்றிற்று. இரண்டு வரியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, "எது இருக்கட்டும் என்று அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் கேட்போம்" என்றார். சற்று நேரத்தில் நெல் வயல் ஊரிலிருந்து ஒரு கேள்வி வந்தது: அம்மா தலையில் ஏன் பஞ்சு?

அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. நூல் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் பார்த்ததில்லை. வகுப்பே ஒரு கணம் திகைத்துப் போயிற்று. தங்களுக்குத் தெரிந்தது உலகத்துக்கெல்லாம் தெரியும் என்று எண்ணியிருந்தார்கள். யார் பதில் எழுதுவது? அந்தப் பையன்தான் நகர்ந்து வந்து உட்கார்ந்தான். மெஷின் ஓடும்போது பஞ்சுத் தூசு பறக்கும் என்று எழுதினான். இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும், உட்கார முடியாது என்று எழுதினான். தூசு மூச்சுக்குள் போனால் இருமல் வரும் என்று எழுதினான். இவ்வளவும் அவனுக்குத் தெரிந்திருந்தது! எழுதலாம் என்பதுதான் தெரியவில்லை.

அதன் பிறகு காரை அவனே எடுத்துவிட்டான். நாய் எப்படி வீட்டைக் கண்டுபிடிக்கிறது என்ற சிக்கலுக்கும் அவன்தான் வழி சொன்னான். வயலில் திரிந்த நாய் ஒரு பஞ்சு லாரியின் வாசனையைப் பிடிக்கிறது. அது அம்மாவின் தலையில் வரும் வாசனை. அந்த லாரியில் ஏறிவிடுகிறது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் கையைத் தட்டினார்கள்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. நாற்றுமுடி என்று எழுதினார்கள், தாளடி என்று எழுதினார்கள். மில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கேட்டார்கள், பதில் வந்தது. நட்ட வயலில் நாய் இறங்கினால் ஏன் விரட்டுகிறார்கள் என்பதையும், நாள் முழுதும் குனிந்து நடுகிறவர்களுக்கு இடுப்பில் எங்கே வலிக்கும் என்பதையும் ஒன்பது வயதுப் பிள்ளை எழுதிற்று. ஆலைத் தொழிலாளி மகன் அதைப் படித்தான்.

தோழர்களே! ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒருவர் கஷ்டத்தை ஒருவர் அறிய வேண்டுமென்று நாம் மேடை போட்டுப் பேசுகிறோம். அந்தப் பிள்ளைகள் ஒரு நாயை வைத்துக்கொண்டு அதைச் செய்து முடித்துவிட்டார்கள்.

இது புதுமையா?

இதெல்லாம் கம்ப்யூட்டர் செய்த அற்புதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே இது நடந்திருக்கிறது.

பிரான்ஸ் தேசத்தின் தெற்கே பார்-சுர்-லூ என்று ஒரு மலை ஊர். அங்கே 1920 ஜனவரியில் ஓர் இளம் உபாத்தியாயர் வேலைக்கு வந்தார். செலஸ்தேன் ஃபிரெனே என்பது அவர் பெயர். விவசாயக் குடும்பத்தில் 1896-ல் பிறந்தவர். முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்துக்கு இழுக்கப்பட்டு, 1917-ல் போர்முனையில் குண்டடி பட்டு, நுரையீரல் கெட்டுப் போனவர். நாள் முழுவதும் நின்று கத்திப் பாடம் நடத்த அவருக்கு மூச்சு இல்லை. வாத்தியார் பேச முடியாவிட்டால் என்ன செய்வது? பிள்ளைகள் பேசட்டும், பிள்ளைகள் எழுதட்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

1924 வாக்கில் ஒரு சின்னக் கை அச்சு யந்திரத்தை வகுப்புக்குள் கொண்டு வந்தார். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியதை எழுதி வகுப்பில் வாசிப்பார்கள். அவற்றில் ஒன்றை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அதைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரும் சேர்ந்து திருத்துவார்கள். பிறகு பிள்ளைகளே ஒவ்வோர் எழுத்தாக ஈய அச்சுக்களைப் பொறுக்கிக் கோத்து, மை தடவி, அச்சிடுவார்கள். அச்சுக் கோத்துப் பழகிய பழைய தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வார்த்தையைத் தலைகீழாகக் கோத்து அச்சில் பார்த்தவனுக்கு அந்த வார்த்தை ஆயுசுக்கும் மறக்காது.

அச்சிட்டதை எங்கே அனுப்புவது? 1926-லிருந்து, தேசத்தின் மறு கோடியில் பிரிட்டானிக் கடற்கரையில் இருந்த ஒரு பள்ளியோடு தபால் மூலம் பரிமாறிக் கொண்டார்கள். மலை ஊர்ப் பிள்ளைகள் எழுதியதைக் கடலோரப் பிள்ளைகள் படித்தார்கள். கடலோரப் பிள்ளைகள் எழுதியதை மலை ஊர்ப் பிள்ளைகள் படித்தார்கள். நாம் கண்ட வகுப்பில் ஒரு கணத்தில் போனது, அன்று தபால் பையில் நாள்கணக்கில் போயிற்று. வித்தியாசம் அவ்வளவுதான்.

பிள்ளைகள் எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஃபிரெனே பிறகு சேன்-போல் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். அங்கே ஒரு பிள்ளை தான் கண்ட கனவை எழுதிற்று. இலவசமாகத் தர வேண்டிய பள்ளிச் சாமான்களை மேயர் தர மறுக்கிறார், வகுப்பே அவரை எதிர்த்துக் கிளம்புகிறது. இதுதான் கனவு. வகுப்பு அதை அச்சிட்டது. 1932 டிசம்பரில் ஊர்ச் சுவர்களில் ஃபிரெனேயைத் தாக்கிச் சுவரொட்டிகள் முளைத்தன. பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். பத்திரிகைகள் கூச்சல் போட்டன. 1933-ல் பள்ளி வாசலில் கூட்டம் கூடி ரகளை செய்தது. கடைசியில் அவர் அந்தப் பள்ளியை விட்டே விலக வேண்டியதாயிற்று. அவரும் அவர் மனைவி எலீஸும் 1935-ல் வான்ஸ் என்ற இடத்தில் சொந்தமாக ஒரு பள்ளியைத் திறந்தார்கள். ஃபிரெனே 1966-ல் காலமானார். 1991-ல் பிரெஞ்சு அரசே அந்தப் பள்ளியை விலைக்கு வாங்கிப் பொதுப் பள்ளியாக்கிற்று.

கதை சோறு போடுமா என்று பெரியவர் கேட்டார். ஒரு குழந்தையின் கனவு ஒரு மேயரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது, தோழர்களே! எழுத்தின் பலம் அதனால் பாதிக்கப்படுகிறவனுக்குத்தான் முதலில் தெரிகிறது.

சிட்டுக்குருவியும் சீட்டுக் காகிதமும்

இத்தாலியில் போ நதிச் சமவெளியில் வோ என்று ஒரு சிற்றூர். அங்கே மரியோ லோடி என்ற உபாத்தியாயர் ஃபிரெனேயின் வழியைப் பின்பற்றினார். அவருடைய பிள்ளைகள் வகுப்பு ஜன்னல் வழியாகக் கூரைமேல் இருந்த சிட்டுக்குருவிகளையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். நம் ஊர் வாத்தியார் என்றால் ஜன்னலைச் சாத்தியிருப்பார். லோடி என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னார்கள். அதையே எழுதச் சொன்னார். இப்படி அவரும் பிள்ளைகளும் சேர்ந்து உருவாக்கிய 'சிப்பி' என்ற குருவிக் கதை 1961-ல் புத்தகமாக வந்தது. இன்றளவும் இத்தாலியப் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள்.

அதே தேசத்தில், ஃபிளாரன்ஸ் நகருக்கு வடக்கே மலையில் பார்பியானா என்று ஒரு குக்கிராமம். 1954 டிசம்பரில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கு வந்தபோது ரோடும் கிடையாது, மின்சார விளக்கும் கிடையாது. சர்க்கார் பள்ளிகளில் பெயிலாகி வெளியே தள்ளப்பட்ட விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் பள்ளிக்கூடம் நடத்தினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 1963-ல் லோடி அங்கே போனார். இரண்டு பள்ளிகளும் கடிதம் எழுதிக் கொள்ளத் தொடங்கின. கூடி எழுதும் கலை பார்பியானாவில் இப்படித்தான் வேர் பிடித்தது.

அதன் விளைவாக 1967-ல் எட்டுப் பையன்கள் சேர்ந்து எழுதிய ஒரு புத்தகம் வந்தது. தங்களைப் பெயிலாக்கிய ஆசிரியைக்கு எழுதிய கடிதம் அது. பணக்காரன் பிள்ளை தேறுவதும் ஏழையின் பிள்ளை தவறுவதும் ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். புத்தகம் வந்த சில வாரங்களில் மிலானி காலமானார். பையன்களின் கடிதமோ உலகின் பல மொழிகளுக்குப் போயிற்று, தமிழிலும் வந்திருக்கிறது.

எப்படி எழுதினார்கள்? ஒவ்வொரு பையனும் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டை வைத்திருப்பான். தோன்றுகிறபோதே குறித்துக் கொள்வான். பிறகு ஒவ்வோர் எண்ணத்தையும் தனித்தனிச் சீட்டில், ஒரு பக்கம் மட்டும் எழுதுவார்கள். எல்லாச் சீட்டுகளையும் பெரிய மேஜையில் பரப்பி, ஒரே விஷயத்தைப் பற்றியவற்றை ஒன்றாகக் குவிப்பார்கள். குவியல் ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயம். பிறகு வரிசைப்படுத்துவார்கள். பிறகு வெட்டுவார்கள். மிகையான வார்த்தை, கடினமான வார்த்தை, பொய்யான வார்த்தை எதுவும் மிஞ்சக் கூடாது. ஊரில் உள்ளவர்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார்கள். படிப்பில்லாதவருக்குப் புரியாவிட்டால் அந்த வரியை மாற்றுவார்கள்.

இந்த முறை நமக்கு அந்நியமா? வேலைநிறுத்தத்திற்கு நோட்டீஸ் போட வேண்டுமென்றால் கமிட்டி உட்காருகிறது. ஒருவர் சொல்கிறார், ஒருவர் மறுக்கிறார், ஒருவர் எழுதுகிறார். வெளிவரும் நோட்டீஸில் யார் கையும் தனியே தெரியாது, எல்லார் கையும் இருக்கும். நடவு வயலிலும் ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, நடுநடுவே புது அடி சேர்ந்துகொண்டே போகிறதல்லவா? கூடி உருவாக்குவது உழைக்கிறவனின் பழைய வழக்கம். பள்ளிக்கூடம்தான் அதைக் காப்பி அடிப்பது என்று பெயர் வைத்துத் தண்டித்து வந்தது.

சில சந்தேகங்கள்

"கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் எழுதிவிடும், மற்றவை வேடிக்கை பார்க்கும்" என்று சொல்கிறார்கள். நடக்கக் கூடியதுதான். நாம் கண்ட வகுப்பில் அதற்கு விதி இருந்தது. நேற்று அடித்தவர் இன்று அடிக்கக் கூடாது. எழுத்து வராத பிள்ளை வாயால் சொல்ல வேண்டும், மற்றொரு பிள்ளை அதை அப்படியே எழுத வேண்டும். இன்னொருவர் வரியைக் கேட்காமல் அழிக்கக் கூடாது. குறை சொல்வதானால் கேள்வியாகத்தான் சொல்ல வேண்டும். "இது நன்றாயில்லை" என்று சொல்லக் கூடாது; "நாய் ஏன் பயப்படவில்லை?" என்று கேட்கலாம். பெரியவர்கள் நடத்தும் சில கூட்டங்களிலும் இந்த விதி இருந்தால் நல்லது!

"எழுத்துப் பிழை மலியும்" என்கிறார்கள். எழுதும்போது டீச்சர் குறுக்கிடவில்லை என்பது மெய். ஆனால் அடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அனுப்புகிற நாள் வந்ததும் பிள்ளைகளே பதறிப் பதறிப் பிழை தேடினார்கள். வாத்தியார் ஒருவருக்காக எழுதுகிற பிள்ளைக்கு மார்க்கில்தான் கவலை. படிப்பதற்கு நிஜமாகவே ஆள் இருந்தால் எழுத்தில் கவலை வந்துவிடும்.

"எங்கள் பள்ளியில் ஆளுக்கொரு யந்திரம் இல்லையே" என்கிறார்கள். ஆளுக்கொன்று வேண்டியதில்லை. ஒரு யந்திரம் நாலு கோஷ்டிக்குப் போதும். ஒரு கோஷ்டி அடிக்கும்போது மற்றவை பார்பியானா மாதிரி சீட்டில் எழுதட்டும். மின்சாரம் போனால் சீட்டு இருக்கிறது. சீட்டும் தீர்ந்தால் கரும்பலகை இருக்கிறது.

ஆபத்தும் உண்டு

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நாம் உங்களை ஏமாற்றியவர்களாவோம். இரண்டு ஆபத்துகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, இந்தப் பக்கங்கள் யாருடைய வீட்டில் இருக்கின்றன? பலவற்றைப் பெரிய கம்பெனிகள் நடத்துகின்றன. இலவசம் என்பார்கள். பிள்ளையின் பெயர், படம், ஊர், என்ன பார்க்கிறது, எதை விரும்புகிறது என்பதெல்லாம் அவர்களுக்குச் சரக்கு. அதனால்தான் அந்த டீச்சர் பிள்ளைகளுக்குச் சொந்தப் பெயரைக் கொடுக்காமல் மரத்தின் பெயரைக் கொடுத்திருந்தார். வேம்பு எழுதியது, புன்னை எழுதியது என்றுதான் வரும். படம் போடவில்லை, ஊர் சொல்லவில்லை. அதனால்தான் நாமும் சொல்லவில்லை. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் கேட்டு வருகிற காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பொதுச் சொத்தான வசதிகள் இருக்கும்போது கம்பெனியின் வாசலில் ஏன் நிற்க வேண்டும்? பக்கத்துக் கேரளத்தில் 2009 முதல் 'ஸ்கூல் விக்கி' என்று அரசு சார்பிலேயே பள்ளிகளுக்கான பொதுப் பக்கங்கள் நடக்கின்றன. 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் எழுதிய கதைகளும் கவிதைகளும் கட்டுரைகளும் அதில் வெளியிடப்பட்டன. அங்கே முடிந்தது மற்ற இடத்தில் முடியாதா?

இரண்டாவது, 2022-ன் இறுதியிலிருந்து, கேட்டதும் கதை எழுதித் தரும் யந்திரம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. நாய், மில், வயல் என்று மூன்று வார்த்தை கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் பிழையில்லாத கதை வந்து விழும். பிறகு பிள்ளைகள் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்பார்கள். நாம் சொல்லும் பதில் இது. அந்தக் கதை கிடைத்திருக்கும். ஆனால் சிறுமி அழுதிருக்க மாட்டாள். பையன் வெட்கத்தை விட்டிருக்க மாட்டான். அம்மா தலையில் ஏன் பஞ்சு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கதை பள்ளிக்கூடத்தின் உற்பத்திப் பொருளல்ல. எழுதி முடித்தபின் அந்தப் பையன் எப்படி மாறினான் என்பதுதான் பள்ளிக்கூடத்தின் வேலை. அதை எந்த யந்திரத்துக்கும் கான்டிராக்ட் விட முடியாது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

கொரோனாக் காலத்தை மறந்துவிட்டீர்களா? 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில், தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. அந்த ஒன்றரை வருஷமும் பாடம் செல்போனில் என்றார்கள். வீட்டில் இருந்த ஒரே செல்போன் அப்பனோடு வேலைக்குப் போய்விடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறை, தனி யந்திரம். நம் பிள்ளைக்கு இரவு எட்டு மணிக்குமேல், அதுவும் சார்ஜ் இருந்தால்! யந்திரத்தை வீட்டுக்கு வீடு பிரித்துவிட்டால் ஏழை பின்தங்குவான் என்பதை அன்று கண்டோம். பொது வகுப்பறையில் பொது யந்திரம், கூட்டு வேலை என்றால்தான் நம் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு.

2024-ல் தமிழ்நாட்டு அரசு ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி கொடுத்தது. ஆரம்பப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகளையும் அமைக்கத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அந்தத் திரையில் பிள்ளைகள் படம் மட்டும் பார்க்கிறார்களா, தாங்களும் எழுதுகிறார்களா? இதை யார் கேட்பது? நாம்தான் கேட்க வேண்டும். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள். கூலிக்காரர்களும் மில் வேலைக்காரர்களும் அந்தக் குழுவில் உட்கார உரிமை உள்ளவர்கள். கூட்டத்துக்குப் போய் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி விடாதீர்கள். இதைக் கேளுங்கள்: வாரத்தில் ஒரு பீரியட் பிள்ளைகள் கூடி எழுத ஒதுக்கியிருக்கிறீர்களா? இரண்டு மூன்று வகுப்பை ஒரே டீச்சர் தலையில் கட்டினால் அவர் எப்படி இதைச் செய்வார்? இன்னொரு டீச்சர் எப்போது வருவார்? இன்னொரு ஊர்ப் பள்ளியோடு நம் பிள்ளைகளுக்குத் தொடர்பு உண்டா?

பிள்ளைகள் எழுதி முடித்த கதையை அச்செடுத்து, ஊசி நூலால் தைத்து, தொழிற்சங்க ஆபீஸ் படிப்பகத்தில் வையுங்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு அந்தப் பிள்ளையே வாசித்துக் காட்டட்டும்.

வீட்டில் பிள்ளையிடம் எத்தனை மார்க் என்று மட்டும் கேட்காதீர்கள். இன்றைக்கு என்ன எழுதினாய், யார் கூட எழுதினாய், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று கேளுங்கள்.

இனி அந்தப் பெரியவருக்குப் பதில். ஐயா, கதை நேரே சோறு போடாது. ஆனால் உங்கள் பேத்தி நாளைக்கு ஒரு மனு எழுத வேண்டியிருக்கும். கூலிப் பட்டியலில் தப்பு இருந்தால் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். நாலு பேரோடு உட்கார்ந்து, தன் சொல்லை நிறுத்தவும், பிறர் சொல் சரியானால் தன் சொல்லை விட்டுக் கொடுக்கவும் வேண்டியிருக்கும். இதையெல்லாம் ஒரு நாளில் படிக்க முடியாது. ஒன்பது வயதில், ஒரு நாய்க் கதையில் தொடங்கத்தான் வேண்டும். உங்கள் வரப்பையும் மண்வெட்டியையும் பற்றி இதுவரை மற்றவர்கள்தான் எழுதினார்கள். தப்பும் தவறுமாக எழுதினார்கள். இனி உங்கள் பேத்தி எழுதட்டும்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளைகளின் கதை இங்கே வாசிக்கப்படும். பெரியவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கிறோம். அவர் முன்னால் வந்து உட்கார வேண்டுமென்று கேட்டுக்கொண்டு முடித்துக் கொள்கிறோம்.